ஏழாயிரம் என்னும் எண்

விளையாட்டுக்கென்று கணினி வாங்கப் புறப்படும் இளைஞன், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலிருந்து வந்தாலும் சரி, திருவெறும்பூர்க் குடியிருப்பிலிருந்து வந்தாலும் சரி, திருச்சியின் தில்லைநகரிலோ சிங்காரத்தோப்பிலோ ஒரு கடையேறித் தன் கையிலுள்ள தொகையைச் சொன்ன மாத்திரத்தில், அவனுக்குக் கிடைக்கும் முதல் உபதேசம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது: “எஸ்.எஸ்.டி.ல மட்டும் கணக்குப் பாக்காதீங்க தம்பி. ஜென் ஃபோர் போட்டுக்குங்க. ஏழாயிரம் ஸ்பீடு. கேம் டக்குன்னு ஓப்பன் ஆகும்.” இதைச் சொல்பவர் கடைக்காரர் ஒருவர் மட்டும் என்றால் வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். கல்லூரி விடுதித் தோழனும் இதையே சொல்கிறான்; யூடியூபில் புதுப் பெட்டி பிரித்துக் காட்டும் அன்பரும் இதையே சொல்கிறார்; சொல்லிச் சொல்லி இது ஆராய்ச்சிக்கு அவசியமில்லாத ஒரு சித்தாந்தமாகவே ஸ்தாபிதமாகிவிட்டது. இச்சித்தாந்தம் தவறானது என்பதும், அளந்து செலவு செய்யவேண்டிய நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு இதனால் மெய்யான நஷ்டம் உண்டாகிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

சென்ற கோடையில், உத்தர வீதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம் புதல்வனுக்காகக் கடையொன்றில் எழுதி வாங்கி வந்த கொட்டேஷன் சீட்டை என்னிடம் நீட்டி, “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ” என்றார். ரைஸன் 5 5600ஜி பிராசஸர், ஏ520 போர்டு, 8 ஜி.பி. ரேம் ஒன்று, 500 ஜி.பி. ஜென் 4 எஸ்.எஸ்.டி., 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று வரிசையாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு நேரே ‘பிறகு’ என்றும், எஸ்.எஸ்.டி.க்கு நேரே ஓரத்தில் ‘7000’ என்றும் எழுதி, அந்த எண்ணின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள் இழுத்திருந்தது. இந்த ஒரு சீட்டைச் சற்று நிதானமாகப் பரிசீலித்தாலே என் வாதத்தின் பாதி நிரூபணமாகிவிடும்.

அதில் கண்ட பிராசஸரும் சரி, அதில் கண்ட போர்டும் சரி, பி.சி.ஐ.இ. என்னும் இணைப்பின் மூன்றாம் தலைமுறைக்கு மேல் அறியாதவை. நான்காம் தலைமுறை, அதாவது ஜென் 4, எஸ்.எஸ்.டி.யை அந்தப் போர்டில் பொருத்தலாம். அது குறையின்றி வேலையும் செய்யும். ஆனால் மூன்றாம் தலைமுறையின் எல்லையாகிய விநாடிக்குச் சுமார் 3,500 மெகாபைட்டைத் தாண்டி அது ஒருநாளும் ஓடாது. ஆகவே இரண்டு கோடுகள் இழுத்துப் பெருமைப்படுத்தப்பட்ட அந்த ஏழாயிரம், விலை கொடுக்கப்பட்டும் அந்த வீட்டுக்கு வந்து சேராத ஏழாயிரம். இன்டெல் பக்கம் போனாலும் கதை ஏறத்தாழ இதுவே. குறைந்த பட்ஜெட்டில் அதிகமாக எழுதித் தரப்படும் எச்610 சிப்செட் தருவதும் மூன்றாம் தலைமுறைத் தடங்களைத்தான். குறைந்த செலவில் கணினி கட்டுவோருக்கு எந்தப் போர்டுகள் சிபாரிசு செய்யப்படுகின்றனவோ, அந்தப் போர்டுகளிலேயே பயனில்லாத ஒரு பொருளை அவர்களுக்கு அத்தியாவசியம் என்று போதிப்பது எவ்விதத்தில் நியாயமாகும்?

இதைவிடப் பெரிய பிழை அச்சீட்டின் ரேம் வரியில் இருந்தது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாதபோது, 5600ஜி-க்குள்ளேயே அமைந்திருக்கும் கிராபிக்ஸ் பகுதி ரேமையே தன் சொந்த நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் பிராசஸரும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ள அந்த ஒற்றைத் தடந்தான். இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் தடம் இரட்டிப்பாகி, ஆட்டத்தின் ஓட்டம் கண்ணுக்கே தெரியும்படி சீராகும். ஜென் 4 என்ற பெயருக்காகக் கொடுக்கவிருந்த அதிகப்படி ரூபாய், இரண்டாவது ஸ்டிக்கின் விலையில் பெரும்பகுதியை அடைத்துவிட்டிருக்கும். நான் ஜென் 3-ஐயும் இரண்டு எட்டு ஜி.பி. ஸ்டிக்குகளையும் எழுதிக்கொடுத்தபோது, அந்தப் பையன் முகம் வாடி, “ஜென் த்ரீ பழசு மாமா” என்றான். அவன் மீது எனக்கு வருத்தமில்லை. பழையது என்ற சொல்லையும் போதாதது என்ற சொல்லையும் ஒன்றாகவே கருதும்படி அவனைப் பழக்கியவர்கள் மீதுதான் என் வருத்தம்.

சரி, போர்டும் பிராசஸரும் நான்காம் தலைமுறைக்குத் தகுதியானவையாகவே இருக்கட்டும். அப்போதேனும் இந்த எண் நியாயமாகுமா? ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, புனித வளனார் கல்லூரியில் படித்து, கணினி விஷயங்களைச் சாமானியருக்கும் விளங்கும் தமிழில் வாழ்நாளெல்லாம் எழுதிய சுஜாதாவின் ஊர் இது. இங்கேயாவது ஓர் எண்ணைக் கண்டால், எதை எவ்விதம் அளந்ததால் கிடைத்த எண் என்று விசாரிக்கும் வழக்கம் இருக்கவேண்டும். பெட்டியின் மேல் அச்சிடப்படும் ஏழாயிரம், ஒரே பெரிய கோப்பை ஆதியோடந்தமாகத் தொடர்ந்து படிக்கும்போது, அதுவும் பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் வரிசையில் நிறுத்திக்கொண்டு படிக்கும்போது, கிடைக்கும் உச்சபட்ச வேகம். ஆட்டம் ஒன்று தொடங்கும்போது நிகழ்வது வேறு. அது ஒரு துண்டைக் கேட்கிறது. வந்ததைப் பிரித்துப் பார்க்கிறது. அதிலிருந்து அடுத்து வேண்டியது இன்னதென்று அறிந்து இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு துண்டைக் கேட்கிறது. எல்லாவற்றையும் அது சிறு துண்டாகவே படிக்கிறது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் எஸ்.எஸ்.டி.க்காகக் காத்திருக்கும் நேரத்தின் பெரும்பங்கு இப்படிப்பட்ட கேள்வி பதிலில்தான் கழிகிறது. நாலு கிலோபைட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் சோதனையில், சாட்டா என்னும் பழைய இணைப்பில் இயங்கும் எஸ்.எஸ்.டி. விநாடிக்குச் சுமார் 40 மெகாபைட் தருகிறது. நல்ல ஜென் 4 எஸ்.எஸ்.டி. 80, 90 தருகிறது. பெட்டியின் மேலுள்ள எண்களில் 550-க்கும் 7,000-க்கும் இடையே பன்னிரண்டு மடங்காகத் தோன்றிய அந்தரம், வேலை நடக்கும் இடத்தில் சுமார் இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. முக்கொம்பு அணையில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்துவிட்டாலும் வயலுக்கு வருவது அதன் மடை அளவுதானே.

வாதத்துக்காக அந்த எண்ணை முழுமையாகவே ஒப்புக்கொள்வோம். ஆட்டம் தொடங்க எட்டாயிரம் மெகாபைட் தகவல் நினைவகத்துக்கு வரவேண்டும் என்றும், அதுவும் ஒரே ஓட்டமாக வரும் என்றும் வைத்துக்கொண்டால், சாட்டாவில் பதினைந்து விநாடி ஆகும். ஜென் 3-இல் இரண்டேகால் விநாடி. ஜென் 4-இல் ஒரு விநாடிக்குச் சற்று மேல். எதிர்வாதிகளுக்கு எல்லா விதத்திலும் அனுகூலமாகவே கணக்குப் போட்டும், மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள பேதம் ஏறத்தாழ ஒரே ஒரு விநாடி! அந்த ஒரு விநாடிக்காக, அதே தொகைக்குக் கிடைக்கும் கொள்ளளவைப் பாதியாக்கிக்கொள் என்று ஒரு மாணவனுக்கு யோசனை சொல்லலாமா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடவேண்டும். ஏனெனில் அதன் பிறப்பில் உண்மை உண்டு. நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க், விநாடிக்கு 120 சுற்றுத்தான் சுழல்கிறது. வேண்டிய தகவல் படிக்கும் தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நாலு மில்லி விநாடிக்குச் சற்று மேல், காத்திருக்கவேண்டும். தலை நகர்வதற்கு இன்னும் எட்டு ஒன்பது மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு எண்பதுக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி., அது எத்தனை சாமானியமானதாயினும், அதே விநாடியில் பதினாயிரம் துண்டுகளை எடுத்துத் தருகிறது. இது நூறு மடங்குக்கு மேற்பட்ட பாய்ச்சல். முதன்முதலாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டியவர்கள் அனைவரும் அடைந்த ஆச்சரியம் முற்றிலும் நியாயமானது. இன்றும் விளையாட்டுக்கு ஹார்ட் டிஸ்க்கே போதும் என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. சைபர்பங்க் 2077 தன் குறைந்தபட்சத் தேவையிலிருந்தே ஹார்ட் டிஸ்க்கை 2023-இல் நீக்கிவிட்டது; அதே ஆண்டு வெளிவந்த ஸ்டார்ஃபீல்டும் எஸ்.எஸ்.டி.யையே கட்டாயமாக்கியது. ஆனால் முதற்பாய்ச்சலில் கண்ட அதிசயம் ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் மீண்டும் நிகழும் என்று அனுமானித்ததுதான் பிரமை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு வந்த நாளிலேயே பெறத்தக்க லாபத்தில் பெரும்பகுதியைப் பெற்றாயிற்று.

அதற்குப் பிறகும் ஆட்டம் தொடங்கத் தாமதமானால் தாமதம் வேறெங்கோ இருக்கிறது. இதைப் பிரத்தியட்சமாகப் பார்க்க விரும்புவோர், ஆட்டம் லோடு ஆகிக்கொண்டிருக்கும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கவனிக்கலாம். எஸ்.எஸ்.டி.யின் கோடு தொடக்கத்தில் ஒருமுறை எழும்பி, பிறகு பெரும்பாலும் தரையை ஒட்டியே படுத்திருக்கும். பிராசஸரின் கோர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னால், அவற்றில் ஒன்று மட்டும் உச்சியைத் தொட்டு இறங்காமல் நிற்பதைப் பல ஆட்டங்களில் காணலாம். சுருக்கி வைத்த தகவலை விரிப்பதும், ஷேடர்களைத் தயாரிப்பதும், உலகத்தைக் கட்டி நிறுத்துவதும் பிராசஸரின் வேலை, அங்கே எஸ்.எஸ்.டி. கைகட்டிக் காத்திருக்கிறது.

இதற்கு ஜி.டி.ஏ. ஆன்லைனைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேறில்லை. அந்த ஆட்டம் தொடங்க நிமிஷக்கணக்கில் காத்திருந்த உலகமெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள், ஆண்டுக்கணக்காக டிஸ்க்கைக் குறை சொல்லி, மேலும் மேலும் வேகமான எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். 2021-இன் தொடக்கத்தில் நிரலாளர் ஒருவர் அதைப் பிரித்து ஆராய்ந்தபோது, சுமார் பத்து மெகாபைட் அளவே உள்ள, அறுபத்து மூவாயிரம் பதிவுகள் கொண்ட ஒரு பட்டியலைப் படிக்கும் முறையில் இருந்த அவலட்சணமே காரணம் என்று கண்டார். பிராசஸரின் ஒரே ஒரு கோர் அதே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அவர் செய்த சிறு திருத்தத்தால் காத்திருப்பு சுமார் எழுபது சதவீதம் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்று, மார்ச் மாதத்தில் ஆட்டத்தைத் திருத்தி வெளியிட்டதோடு, அவருக்கு 10,000 டாலர் சன்மானமும் வழங்கியது. பத்து மெகாபைட் கோப்பைப் படிக்க ஏழாயிரம் எதற்கு? எத்தனை வீடுகளில் எத்தனை எஸ்.எஸ்.டி.கள் இந்த ஒரு பிழைக்காக மாற்றப்பட்டிருக்கும் என்பதை நினைக்கையில் எனக்கு மெய்யாகவே மனம் பொறுக்கவில்லை.

இனிக் கொள்ளளவு விஷயத்துக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர்நிலை இதுவே. கையிலிருக்கும் தொகை ஒன்றேயாக இருக்கும்போது, ‘வேகமான 500’, ‘நிதானமான ஆயிரம்’ என்னும் இரண்டில் முன்னதையே தேர்ந்தெடுக்கும்படி நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. 500 ஜி.பி. என்று விற்கப்படுவதை விண்டோஸ் 465 என்றே காட்டும். அதில் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் கல்லூரிப் பாடத்துக்கான மென்பொருள்களும் நூறு அளவுக்கு எடுத்துக்கொள்ளும், எஸ்.எஸ்.டி. தளர்வின்றி இயங்கக் கொஞ்சம் காலியிடம் விடவேண்டும். எஞ்சுவது முந்நூறு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்பது 150. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150. இரண்டே ஆட்டங்களில் வீடு நிறைந்துவிட்டது. மூன்றாவதை நிறுவ முதலாவதை அழிக்கவேண்டும். அழித்ததை மறுபடி ஆட ஆசை வந்தால் மறுபடி பதிவிறக்கவேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் தரும் வீட்டு இணைப்பில், அது சொன்ன வேகத்தைச் சற்றும் குறையாமல் தந்தாலுங்கூட, 150 ஜி.பி. இறங்க மூன்று மணி இருபது நிமிஷம். 40 மெகாபிட் இணைப்பாயின் எட்டு மணிக்கு மேல். ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு விநாடியை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று வந்த பொருள், ஒரே ஒரு மறுபதிவிறக்கத்தில் ஒரு முழு இரவைச் செலவழிக்க வைக்கிறது. வேகம் என்பதைக் காலத்தின் மிச்சம் என்றே நாம் பொருள் கொள்வதானால், இங்கே வேகமானது அந்த நிதானமான ஆயிரந்தான்.

“நீங்கள் இன்றைக்கு உள்ளதைப் பேசுகிறீர்கள், வருங்காலத்தை யோசிக்கவேண்டாமா?” என்பது இவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம். பிளேஸ்டேஷன் 5-இல் விநாடிக்கு 5.5 ஜிகாபைட் தரும் எஸ்.எஸ்.டி. இருப்பதையும், ஆட்டங்கள் எஸ்.எஸ்.டி.யிலிருந்து தகவலை விரைந்து எடுக்க உதவும் டைரக்ட் ஸ்டோரேஜ் என்னும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022-இல் கணினிக்குக் கொண்டுவந்ததையும் சுட்டி, நாளைய ஆட்டங்கள் ஏழாயிரம் இல்லாமல் ஓடவே ஓடா என்பார்கள். இதற்கு ஆதாரமாக அவர்களே அதிகம் உதாரணம் காட்டிய ஆட்டம் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட். உலகத்திலிருந்து உலகத்துக்குக் கண்ணிமைப்பில் தாவும் அந்த ஆட்டம் பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்.எஸ்.டி. இல்லாமல் சாத்தியமே அன்று என்று 2021-இல் விளம்பரமாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து அது கணினிக்கு வந்தபோது, குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இடம்பெற்றிருந்தது! ஹார்ட் டிஸ்க்கில் அது அழகாக ஓடிற்று என்று நான் சொல்லவில்லை. தாவும் இடங்களில் நின்று நின்றுதான் ஓடிற்று. ஆனால் எந்த எஸ்.எஸ்.டி.யிலும் அது ஆடத்தக்கதாகவே இருந்தது. டைரக்ட் ஸ்டோரேஜைக் கணினியில் முதலில் பயன்படுத்திய ஃபோர்ஸ்போக்கன் 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் பின் அதைக் கைக்கொண்ட ஆட்டங்கள் மிகச் சிலவே. ஆட்டம் தயாரிப்பவன் விற்பனையை விரும்புகிறவன். உலகத்தில் பெரும்பாலோர் வைத்திருக்கும் எஸ்.எஸ்.டி.யில் ஓடாத ஆட்டத்தை அவன் எப்படித் தயாரிப்பான்? அப்படியே ஒரு காலம் வந்தாலும், அந்த வேகத்தை அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

தனக்கென்று டி-ரேம் நினைவகம் இல்லாத எஸ்.எஸ்.டி. குப்பை என்னும் இன்னொரு வாசகமும் உலவுகிறது. சாட்டாவைப் பொறுத்தமட்டில் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பி.சி.ஐ.இ. வழி இயங்கும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.களில், கணினியின் ரேமிலிருந்தே சில பத்து மெகாபைட்டைக் கடன் வாங்கிக்கொள்ளும் வசதி வந்து பல்லாண்டு ஆகிறது. விளையாடுகிறவனுக்கு அந்த வித்தியாசம் புலப்படாது. நான் கவனிக்கச் சொல்வது ஃபிளாஷின் ரகத்தை. டி.எல்.சி. ஒவ்வோர் அறையிலும் மூன்று பிட் வைக்கிறது, கியூ.எல்.சி. நான்கு. கியூ.எல்.சி. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் விளையாட்டுக்காரனுக்கு அநாவசியம், ஆயிரம் ஜி.பி. கியூ.எல்.சி. ஒன்றின் எழுது வரம்பு 220 டெராபைட் என்றால், நாள்தோறும் ஐம்பது ஜி.பி. எழுதினாலும் பன்னிரண்டு ஆண்டு வரும். அதன் மெய்யான குறை, இடம் நிறைந்த நிலையில் பெரிய ஆட்டத்தை எழுதும்போது முன்னிருக்கும் வேகச் சேமிப்பு தீர்ந்துபோய், விநாடிக்கு நூறு மெகாபைட் அளவுக்கு, ஹார்ட் டிஸ்க்கின் நடைக்கே, தளர்ந்துவிடுவது. விலையில் சொற்ப பேதமே இருந்தால் டி.எல்.சி.யை எடுக்கவேண்டும், ஆட்டங்களை மட்டும் வைக்கும் இரண்டாவது எஸ்.எஸ்.டி.யாயின் கியூ.எல்.சி.யும் எனக்குச் சம்மதமே.

நம் ஊரின் உஷ்ணத்தை இவ்விஷயத்தில் யாரும் பேசக் காணோம். சித்திரை, வைகாசியில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும். குளிர்சாதனம் இருக்கும் வீடுகளிலும் அது பெரியவர்கள் படுக்கும் அறையில்தான் இருக்குமே தவிர, பையனின் கணினி இருக்கும் மாடியறையில் இராது. இந்த எஸ்.எஸ்.டி.யைச் செருகும் எம்.2 துவாரமோ பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் அடியிலோ அதையொட்டியோ இருக்கிறது. ஐந்தாம் தலைமுறையில் பத்து வாட்டுக்கு மேல் இழுத்து, விசிறியோடு விற்கப்படும் எஸ்.எஸ்.டி.களும் உண்டு. எண்பது டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள எஸ்.எஸ்.டி. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கே குளிர்ந்த நடையுள்ள மிதமான எஸ்.எஸ்.டி.யே பொருத்தமானது.

மிதமானது என்று நான் சொல்வதைப் பெயரில்லாதது என்று யாரும் எடுத்துக்கொள்ளலாகாது. தயாரித்தவர் பெயரும் ஃபிளாஷின் ரகமும் எழுது வரம்பும் சொல்லப்படாத மலிவுச் சரக்கு எந்த விலைக்கும் வேண்டாம். ஐந்து வருஷ வாரன்டியும் ஆயிரம் ஜி.பி.க்கு 600 டெராபைட் எழுது வரம்பும் கொண்ட டி.எல்.சி. எஸ்.எஸ்.டி.கள் மிதமான விலைப் பட்டியலிலேயே இருக்கின்றன. வாங்கும்போது சீரியல் எண்ணை ஜி.எஸ்.டி. பில்லில் எழுதி வாங்குவதும், பழுதானால் திருச்சியிலேயே கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா, சென்னைக்கு அனுப்பவேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுவதும், பெட்டியின் மேலுள்ள எந்த எண்ணையும்விட முக்கியமானவை.

இவற்றை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போவதால், ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விலையேறிக்கொண்டிருக்கின்றன. குறைந்த செலவில் வாங்குவோர் பெரிதும் நம்பியிருந்த க்ரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இந்த நிலையில் ஒரு ரூபாயும் வீணாகலாகாது. வீட்டில் எம்.2 துவாரமே இல்லாத பழைய கணினி இருந்து, அதில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால், போர்டையும் பிராசஸரையும் மாற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்கவேண்டாம், ஒரு டி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றும் ஒரு கேபிளும் வாங்கி மாட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்கென்று எடுத்து வைக்கவேண்டும்.